ஃபிளாஸ்க் பிறந்த நாடு

கல்லூரி வாசலில் வருகைப் பதிவுக்கு ஒரு மெஷின் இருந்தது. விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், பெயர் வரும், உள்ளே போகலாம். சர்வதேச வணிகம் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் பதினோரு பேர், ஆறு வாரத் தொழில் பயிற்சி முடிந்து திங்கட்கிழமை காலை திரும்பி வந்தார்கள். அவர்களில் எட்டுப் பேரை அந்த மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. சிவப்பு விளக்குதான் எரிந்தது. கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார்கள், ஊதிவிட்டு வைத்தார்கள், அடுத்த விரலை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. "ஆறு வாரத்துல ஆளே மாறிட்டீங்களா?" என்று வாசல் காவலாளி சிரித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

வரிசையின் கடைசியில் அவர்களுடைய ஆசிரியை நின்றிருந்தாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஹார்பர் மேடம். படிப்பை முடித்த கையோடு பாடம் நடத்த வந்தவளல்ல அவள். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினேழு வருஷம் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்தவள். கப்பல் வருகிறது என்றால் ஓடி, சுங்க அலுவலகத்து ஜன்னலில் நின்று வாதாடி, இடையில் அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கி, இங்கே ஒப்பந்த ஆசிரியையாகச் சேர்ந்து இது ஐந்தாவது வருஷம். புத்தகத்தில் நாலு வரியில் முடிகிற விஷயத்தை அவள் நாலு நாள் நடத்துவாள். நிஜமான காகிதங்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பி, இதில் எங்கே தப்பு இருக்கிறது, கண்டுபிடி என்பாள்.

அவள் முன்னால் போய், மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வகுப்பிலேயே உயரமான பெண் அவள். எல்லோரும் கொடிக்கம்பம் என்று கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள். பத்து விரல் நுனியும் வெங்காயத்தோல் மாதிரி வழவழவென்று இருந்தன. ரேகை இருந்த சுவடே இல்லை. நகக்கண்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். "டாக்குமென்டேஷன், மேடம்" என்று பக்கத்திலிருந்த பையன் முந்திக்கொண்டான். கொடிக்கம்பம் கையை இழுத்துக்கொண்டாள். காகிதத்தைத் தொட்டு ரேகை அழிந்துபோன ஆளை ஹார்பர் மேடம் பதினேழு வருஷத்தில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

ஆசிரியர் அறையில், பயிற்சி கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்த உறை அவள் மேஜையில் கிடந்தது. பதினோரு மதிப்பீட்டுத் தாள்கள். பத்துப் பேருக்குத் தொண்ணூறுக்கு மேல். கொடிக்கம்பத்துக்கு நூற்றுக்குப் பதினொன்று. கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'ஒழுங்கீனம். மேலதிகாரிகளின் சொல்லைக் கேட்பதில்லை. குழுவாகப் பணி செய்யும் பழக்கம் இல்லை.'

மூன்று வரிதான். ஆனால் அந்த எழுத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. 'ழ' எழுதும்போது காலைக் கீழ்வரிவரை இழுத்து விடுகிற கை அது. உலகத்தில் ஒருத்தன்தான் அப்படி எழுதுவான். அவளைவிட எட்டு வயது இளையவன், அவளுடைய தம்பி. அந்த நிறுவனத்தின் கிடங்கில் சூப்பர்வைசர். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலைக்கு அவனைச் சொல்லிவிட்டவளே அவள்தான். ஏற்றுமதி நிறுவனம், நல்ல பெயர், கல்லூரி ஆட்சிக் குழுவில் அதன் இயக்குநரே இருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினாள். அங்கே என்ன நடக்கிறது என்று அவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

மதிய இடைவேளையில் கொடிக்கம்பத்தை நூலகத்தின் பின்பக்க மேஜைக்கு அழைத்துப்போனாள். அந்தப் பெண் முதலில் மென்று விழுங்கினாள். அங்கே நடப்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்று எல்லோரிடமும் முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். பிறகு, மதிப்பீட்டுத் தாளை எதிரே வைத்ததும், ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் வந்து உலக வர்த்தகம் பற்றிப் படம் காட்டிப் பேசினார். மூன்றாம் நாள் கிடங்குக்குள் விட்டார்கள். நீளமான மேஜைகள். கண்டெய்னரில் வந்து இறங்கிய ஸ்டீல் ஃபிளாஸ்க்குகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அது தயாரான நாட்டின் பெயர் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. தலைமுடி உலர்த்துகிற மெஷினால் அதைச் சூடாக்கி, நகத்தால் கிளப்பி, மிச்சப் பசையைத் தின்னர் நனைத்த துணியால் தேய்த்து, அந்த இடத்தில் புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். புது ஸ்டிக்கரில் இந்த நாட்டின் பெயர் இருந்தது. கையுறை கேட்டதற்கு, கையுறை போட்டால் வேகம் குறையும் என்றார்கள்.

"மூணு வாரம் நானும்தான் மேடம் ஒட்டினேன்," என்றாள் கொடிக்கம்பம். "ஏதோ ரிப்பேர் வேலைன்னு நெனச்சேன். நாலாவது வாரம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு பிறப்பிடச் சான்று ஃபாரத்தை ஃபில் பண்ணச் சொன்னாங்க. நீங்க கிளாஸ்ல காட்டுனீங்களே, அதே ஃபாரம். 'தயாரிக்கப்பட்ட நாடு'ன்னு இருந்த இடத்துல நம்ம நாட்டுப் பேரை எழுதச் சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சது. எழுத மாட்டேன்னுட்டேன்."

ஹார்பர் மேடம் அந்தப் பாடத்தை இரண்டு வாரம் நடத்தியிருந்தாள். ஒரு பொருளுக்கு எது சொந்த நாடு? எங்கே உருக்கி, வளைத்து, வார்த்து, வேறொன்றாக மாற்றினார்களோ அது. பெட்டி மாற்றினால் நாடு மாறாது, உறை மாற்றினால் மாறாது, பெயர் எழுதினால் மாறாது. ஃபிளாஸ்க் செய்த நாட்டுச் சரக்கு என்றால், இங்கிருந்து அதை வாங்குகிற மூன்றாவது நாடு அதன் மேல் கடுமையான வரி போடுகிறது. இந்த நாட்டில் செய்தது என்றால் ஒப்பந்தப்படி வரியே கிடையாது. நடுவில் ஒரு ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினால் அந்த வரி முழுக்க யாரோ ஒருவரின் சட்டைப்பைக்குள் போகிறது. இதை அவள் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறாள். அவளிடம் படித்த பிள்ளைகளின் கையாலேயே அதைச் செய்ய வைத்திருக்கிறார்கள், அதுவும் பயிற்சி என்று பெயர் சூட்டி.

"சூப்பர்வைசர் என்ன சொன்னார்?"

"பெட்டி மாத்தினா நாடு மாறாதுன்னு எங்க மேடம் சொல்லியிருக்காங்கன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார் மேடம். அப்புறம், உங்க மேடம் புத்தகத்துல இருக்கிறதைச் சொல்வாங்க, இங்க வேலை நடக்கணும்ல என்றார். மறுநாள்லேர்ந்து என்னைச் சும்மா உட்கார வெச்சுட்டாங்க. ரெண்டு வாரம் சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

ஹார்பர் மேடத்துக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. 'எங்க மேடம்' என்று அந்தப் பெண் சொன்னது யாரை என்று தம்பிக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்தப் பதினொன்றை எழுதியிருக்கிறான்.

சாயங்காலம் கல்லூரி விட்டதும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி, வாங்க அண்ணி, என்ன திடீரென்று என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை. மதிப்பீட்டுத் தாளின் நகலை மேஜையில் வைத்து, இது உன் கைதானே என்று கேட்டாள்.

அவன் பார்த்தான். மறுக்கவில்லை. மேலே சொன்னார்கள், எழுதினேன் என்றான். எல்லாருக்கும் எழுதுகிற மாதிரி தொண்ணூறு போட்டுத்தான் முதலில் எழுதினானாம். இயக்குநர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மற்றவர்களுக்கும் புத்தி வரவேண்டும், பதினொன்று போடு என்றாராம்.

"அந்தப் பொண்ணு செஞ்சதுல என்னடா ஒழுங்கீனம்?"

"அக்கா, நீ கிளாஸ்ரூம்ல இருந்துக்கிட்டுப் பேசறே. நான் இல்லைன்னா இன்னொருத்தன் ஒட்டுவான். உலகம் பூரா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. உனக்குத் தெரியாததா? நீயும் அந்த ஹார்பர்ல பதினேழு வருஷம் இருந்தவதானே?"

கடைசிக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தம்பி மேல் இருந்த கோபம் அவள் மேலேயே திரும்பித் திரும்பி வந்தது. அவன் குத்திக்காட்டியது அவனுக்கே முழுதாகத் தெரியாத ஒரு விஷயத்தை. யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

மறுநாள் முதல்வர் அறை. முதல்வர் குரலை உயர்த்தாத மனிதர், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும், ரொம்ப வருத்தமான விஷயம் என்றார். பிறகு வருத்தத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு வழிக்கு வந்தார். அந்த நிறுவனம் வருஷா வருஷம் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடம் கொடுக்கிறது, வேறு எவனும் கொடுப்பதில்லை. பயிற்சி இல்லாவிட்டால் இந்தப் பாடப்பிரிவுக்கே அங்கீகாரம் போய்விடும். ஆகவே அந்தப் பெண் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்துவிடட்டும். இயக்குநரிடம் நானே பேசி அறுபது போட்டுத் தரச் சொல்கிறேன். எல்லோருக்கும் நல்லது.

"வருத்தம் தெரிவிக்க வேண்டியது அவளா, சார்?"

"யாருன்னு நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்ல முடியாது, மேடம். நீங்க பாடம் நடத்துங்க. நாட்டைத் திருத்த வேண்டாம்."

"நான் பாடத்தைத்தான் சார் நடத்தினேன். அவ அதைக் கவனிச்சுக் கேட்டிருக்கா. அதுக்கு எந்தக் கல்லூரியில பதினொன்னு போடுவாங்க?"

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு புதுப்பிக்க வேண்டி இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று, நலம் விசாரிக்கிற தொனியில் சொன்னார். அவள் எழுந்து வெளியே வந்தாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் பூசி மெழுகி, கடைசியில் ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து கும்பிடும் போட்டு அனுப்புகிறாரே, அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு வகுப்பில் அவள் வருகைப் பதிவேட்டைத் திறக்கவில்லை. பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். விரல்களை மேஜைக்கு அடியில் வைத்திருந்தார்கள். கொடிக்கம்பம் கடைசி பெஞ்சில் தனியாக. மற்றவர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அவளால் தங்கள் தொண்ணூறும் போய்விடுமோ என்ற பயம்.

ஹார்பர் மேடம் கதவைச் சாத்திவிட்டு, இருபத்து நாலு வயதில் நான் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றாள். ஏஜென்சியில் சேர்ந்து இரண்டாவது வருஷம். துணிப்பைகள் ஒரு கண்டெய்னர். அவை எங்கே தைத்தவை என்று அவளுக்குத் தெரியும், வந்து இறங்கிய கப்பலின் காகிதத்தையும் அவள்தான் கையாண்டாள். பத்து நாள் கழித்து அதே பைகளை இங்கே தைத்ததாகச் சொல்லி பிறப்பிடச் சான்றுக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்யச் சொன்னார் முதலாளி. இது சரியா என்று கேட்டாள். நாம் தபால்காரர் மாதிரி, கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தபால்காரர் பிரித்துப் பார்ப்பதில்லை என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்கு அப்போது வசதியாக இருந்தது. தட்டச்சு செய்து கொடுத்துவிட்டாள்.

"நாலு மாசம் கழிச்சு அதை வாங்கின நாட்டுத் துறைமுகத்துல அது பிடிபட்டுச்சு. அப்புறம் ஒரு வருஷம், நம்ம நாட்டுப் பேரு போட்டுப் போன ஒவ்வொரு பை பெட்டியையும் உடைச்சுப் பார்த்தாங்க. நிஜமாவே இங்க தைச்சு அனுப்பின ஒரு தையல் கூடம், சரக்கு அங்கேயே மக்கிப்போய், இழுத்து மூடிட்டாங்க. முப்பது பொம்பளைங்க வேலை பார்த்த இடம். நான் தினம் அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவேன். அந்தப் பூட்டைப் பார்த்துக்கிட்டே போவேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயந்துக்கிட்டு இருந்தேன்."

உங்களை நான் எதுவும் செய்யச் சொல்லவில்லை என்றாள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், பயிற்சியில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார், அவரவர் செய்ததை அவரவர் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

தேர்வு அடுத்த வியாழக்கிழமை நடந்தது. வெளித் தேர்வாளர் வேறொரு கல்லூரியின் பேராசிரியை. நடுத்தர வயது, முழங்கால் வலி, வந்ததும் வராததுமாக மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினோரு பேரை முடித்துவிட்டு மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தார். பக்கத்தில் ஹார்பர் மேடம். வழக்கத்துக்கு மாறாக முதல்வரும் ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்த நாலு பேரும் ஒப்பித்தார்கள். ஏற்றுமதி ஆவணங்கள், பேக்கிங், லேபிளிங், தரப் பரிசோதனை. தேர்வாளர் தலையை ஆட்டி, எண்பது எண்பதாகப் போட்டுக்கொண்டே போனார். முதல்வரின் முகம் தெளிந்தது. ஹார்பர் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் மேல் கோபப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோபம் வரத்தான் செய்தது.

ஐந்தாவதாகக் கொடிக்கம்பம். நிறுவனத்தின் பதினொன்றைப் பார்த்ததும் தேர்வாளர் புருவத்தைத் தூக்கினார். என்னம்மா, அங்கே என்ன செய்தாய் என்று கேட்டார்.

"ஸ்டிக்கர் கிழிச்சோம் மேடம். ஒரு நாட்டுல செஞ்ச ஃபிளாஸ்க்கை நம்ம நாட்டுல செஞ்சதா மாத்தினோம். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு முந்நூத்தம்பது. சான்றுப் படிவத்துல பொய் எழுதச் சொன்னாங்க, எழுத மாட்டேன்னேன். அதுக்குத்தான் இந்த மார்க்."

முதல்வர் இடையில் புகுந்து, தேர்வுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றார். தேர்வாளர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் பொருளின் பிறப்பிடத்தை எப்படித் தீர்மானிப்பார்கள், இது ஏன் குற்றம், இதனால் யாருக்கு நஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொடிக்கம்பம் நின்ற இடத்தில் நின்று பதில் சொன்னாள். குரல் ஒரே ஒரு தடவைதான் உடைந்தது, இழுத்து மூடிய தையல் கூடத்தைப் பற்றிச் சொன்னபோது.

பிறகு தேர்வாளர் முதலில் வந்த நாலு பேரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். "லேபிளிங்னு சொன்னியே தம்பி, நீ ஒட்டறதுக்கு முன்னாடி அங்க என்ன லேபிள் இருந்தது?" என்று முதல் பையனிடம் கேட்டார். வாசலில் முந்திக்கொண்டு டாக்குமென்டேஷன் என்று சொன்னவன்தான் அவன். தரையைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், முதல்வரைப் பார்த்தான். கடைசியில் கைகளைத் தூக்கி, உள்ளங்கை தெரியத் தேர்வாளர் முன்னால் மேஜையில் வைத்தான். வாயால் சொல்ல அவனுக்கு அதற்கப்புறம் ஒரு நிமிஷம் ஆனது. ஆனால் சொன்னான். மொத்தம் ஏழு பேர் சொன்னார்கள். மற்ற நாலு பேர் கடைசிவரை லேபிளிங்கிலேயே நின்றார்கள்.

தேர்வாளர் மூன்று மணி ரயிலை விட்டுவிட்டார். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, கொடிக்கம்பத்துக்குத் தன் கணக்கில் எண்பத்தெட்டு போட்டு, நிறுவனத்தின் பதினொன்றை ஏற்க முடியாது என்று காரணத்தோடு குறித்து, உறையில் போட்டு ஒட்டி அரக்கு வைத்தார். அந்த உறை நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அதைத் தொட முதல்வருக்கு அதிகாரம் இல்லை. கிளம்பும்போது ஹார்பர் மேடத்திடம், நல்லா நடத்தியிருக்கீங்க என்று மட்டும் சொன்னார்.

உறையைப் பிரித்த பல்கலைக்கழகம் சுங்கத் துறைக்கு எழுதிப்போட, மூன்றாவது வாரம் அங்கிருந்து கிடங்குக்கு ஆட்கள் வந்தார்கள். ஒட்டியதும் ஒட்டாததுமாக மேஜை நிறைய ஃபிளாஸ்க்குகள் கிடந்தன. நிறுவனம் ஒரே நாளில் அறிக்கை விட்டது: நிர்வாகத்துக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது, கிடங்கின் சூப்பர்வைசர் தன்னிச்சையாகச் செய்திருக்கிறார், அவரைப் பணிநீக்கம் செய்துவிட்டோம்.

அந்த அறிக்கையைப் படித்ததும் ஹார்பர் மேடம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு ஓடினாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள், இந்தத் தடவை நாற்காலி இழுத்துப் போடவில்லை. தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"இப்ப சந்தோஷமா அக்கா?"

"உன் மேல கோபம் எனக்கு இன்னும் தீரலைடா. ஆனா உத்தரவு போட்டவன் கையைக் கழுவிட்டு உன்னைப் பிடிச்சுக் கொடுக்கிறான். அதை நீ வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பியா? உன் போன்ல அவன் அனுப்பின மெசேஜ் இருக்கா, இல்லையா?"

இருந்தன. இயக்குநர் அனுப்பியவை. இன்றைக்கு நாலாயிரம் முடிய வேண்டும், பழைய பசைத் தடம் தெரியக் கூடாது, பயிற்சிப் பசங்களைக் கூடுதல் நேரம் உட்கார வை. அழிக்கச் சொல்லிக் கூட ஒன்று இருந்தது. அவன் அழிக்கவில்லை. காட்டவும் பயந்தான். நாளைக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது என்றான். பொய்க் கேசில் உள்ளே போனால் மட்டும் கிடைக்குமா என்று அவன் மனைவியே குறுக்கே கேட்டாள். அதற்கப்புறம் அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

விசாரணை அலுவலகத்தில் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம். அவள் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தவன், எல்லாத்தையும் சொல்லிட்டேன் என்று மட்டும் சொன்னான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். எச்சரிக்கையோடு அவனை விட்டுவிட்டார்கள். இப்போது ஒரு மரச்சாமான் கடையில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறான். அக்காவிடம் அவசியத்துக்குப் பேசுகிறான், கூடுதலாக ஒரு வார்த்தை கிடையாது.

இயக்குநருக்கு அபராதம் விழுந்தது. கட்டினார். வேறொன்றும் ஆகவில்லை. இரண்டு மாதத்தில் கிடங்கின் பெயர்ப்பலகை மட்டும் மாறியது. ஹார்பர் மேடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அவளுடைய ஐந்தாண்டு சேவையை நிர்வாகம் மனமாரப் பாராட்டுவதாகவும், அடுத்த பருவத்திலிருந்து அந்தப் பாடத்துக்கு வேறு ஏற்பாடு செய்திருப்பதாகவும். அவள் அதை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போய், காரணத்தையும் எழுதிக் கொடுங்கள் என்றாள். காரணம் எழுதுவது வழக்கமில்லை என்றார் அவர். வழக்கமில்லாததை எல்லாம் செய்துதானே சார் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே வெளியே வந்தாள்.

அவளுடைய கடைசி வாரத்தில் பட்டமளிப்பு விழா வந்தது. அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயரைப் பார்த்ததும் அவள் இரண்டு தடவை படித்தாள். அதே இயக்குநர். ஆட்சிக் குழுவிலிருந்து அவர் விலகவும் இல்லை, யாரும் விலக்கவும் இல்லை. உலக வர்த்தகத்தில் நேர்மையின் பங்கு என்ற தலைப்பில் உரையாற்றுவார் என்று போட்டிருந்தது. போகவே கூடாது என்று நினைத்தாள். பிள்ளைகளுக்காகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார். கை தட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, மாணவர்கள் வரிசையாக மேடையேறி அவர் கையால் பட்டத்தை வாங்கிக்கொண்டு, ஃபோட்டோவுக்குத் திரும்பிச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். கொடிக்கம்பத்தின் பெயர் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கியும் தொப்பியுமாக, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, மடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேடையில் இயக்குநர் பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபோட்டோ எடுப்பவரைப் பார்த்து அரைச் சிரிப்போடு நின்றார். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. முதல்வர் எழுந்து போய் அதை வாங்கி மேஜையில் வைத்தார். மூன்று பெயர் தாண்டி, மேஜையில் கைகளை விரித்துக் காட்டிய அந்தப் பையனைக் கூப்பிட்டபோது அவனும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் போனார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் பட்டத்தை வாங்க அலுவலக ஜன்னலுக்குப் போனார்கள். ஹார்பர் மேடம் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்தாள். எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார், மூன்று மணிக்குத்தான் வருவார் என்று ஜன்னலில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அவர்களோடு அந்த நடைபாதையில் உட்கார்ந்துகொண்டாள்.